நாலு கிலோவுக்குக் கீழே

"இன்னிக்கு நாலு கிலோ நூறு கிராம் இருக்கு," என்றாள் டாக்டர். "நாலுக்குக் கீழே இறங்கிச்சுன்னா உடனே தூக்கிட்டு வந்துடணும். அப்புறம் கழுத்துல குழாய் வச்சுதான் சாப்பாடு."

சொல்லிக்கொண்டே பூனையின் காதை மடித்துக் காட்டினாள். உட்புறம் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டுமாம். பழுத்த இலை மாதிரி மஞ்சளாக இருந்தது. ஈறும் அப்படியே.

"எத்தனை நாளா சாப்பிடல?"

தராசம்மாவுக்குப் பதில் தெரியவில்லை.

தராசம்மா என்பது சந்தைக்காரர்கள் வைத்த பேர். கடை கடையாக ஏறி இறங்கி, எடை மிஷின் சரியாகக் காட்டுகிறதா, படிக்கல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற ஆய்வாளர் அவள். இருபத்தாறு வருட சர்வீஸ். அவளுடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே "தராசம்மா வருது" என்று ஒரு குரல் கிளம்பும். தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தத் துண்டுகள் அவசர அவசரமாகச் சட்டைப் பைக்குள் குடியேறும். ஐந்து கிராம் குறைந்தாலும் கண்ணில் விரலை விட்டு ஆட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டுப் பூனை எத்தனை நாளாகப் பட்டினி கிடக்கிறது என்று தெரியவில்லை.

"சாயந்திரம் வந்து பாத்தா கிண்ணம் காலியா இருக்கும் டாக்டர். அதான் நான்..."

"ஜன்னல் திறந்திருக்குமா?"

"காத்துக்காக..."

"வேற யாரோ வந்து விருந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்காங்க மேடம்."

பக்கத்து வீட்டு மதில்மேல் ஒரு கறுப்புப் பூனை கொஞ்ச நாளாக மினுமினுவென்று கொழுத்துத் திரிவதை அவளும் பார்த்திருந்தாள். எந்தப் புண்ணியவான் வீட்டில் கொட்டிக்கொள்கிறதோ என்று நினைத்துக்கூட இருந்தாள்.

குண்டுப் பூனை ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். அப்புறம் அதற்கே பசி எடுக்காது. சாப்பிடாததால் வியாதி, வியாதியால் சாப்பாடு இறங்காது. இந்தச் சுற்றை வெளியிலிருந்து யாராவது அறுத்துவிட வேண்டும் என்றாள் டாக்டர். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சில் கஞ்சியை எடுத்து, வாயின் ஓரமாக விட்டு, ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஊட்ட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

"வீட்ல யார் ஊட்டுவா?"

"நான்தான்."

"கூடப் பிடிக்க?"

"நான்தான்."

 டாக்டர் மாவுப் பொட்டலத்தையும் மூன்று சிரிஞ்சையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

பூனைகூட அவளுடையது இல்லை. அக்காவுடையது. துரை என்று பெயர் வைத்ததும் அக்காதான். மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, வேளாவேளைக்குச் சேவகம் எதிர்பார்க்கிற ஜென்மத்துக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்?

அக்காவும் தங்கையும் அந்த மாடி வீட்டில் முப்பது வருடம் ஒன்றாக இருந்தார்கள். இரண்டு பேருக்குமே கல்யாணம் தட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். அப்படியிருக்க, ஐம்பத்தாறாவது வயதில் அக்கா கண் ஆபரேஷனுக்குப் போனாள். பக்கத்து நாற்காலியில் அதே ஆபரேஷனுக்காக வந்திருந்தார் ஒரு மனிதர். மனைவியை இழந்தவர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆளுக்கொரு கண்ணில் கட்டோடு இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு நிற்கவேயில்லை.

"கட்டை அவுத்துட்டு ஒரு தடவை நல்லா பாத்துட்டு முடிவு பண்ணுக்கா," என்று தராசம்மா கேலி செய்தாள்.

அக்கா பார்த்துவிட்டுத்தான் முடிவு பண்ணினாள். ஆனால் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். "உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிடி?" என்று மூன்றாவது முறையும் மூக்கை உறிஞ்சியபோது தராசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன தொட்டில் பிள்ளையா? போய்த் தொலை. எனக்குத் துரை இருக்கான்."

துரைக்கு அந்த அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அது தராசம்மாவின் மடியில் உட்கார்ந்ததில்லை. ஒரே லாட்ஜில் அடுத்தடுத்த அறையில் தங்கியிருப்பவர்கள் மாதிரி, வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் பூனை ரோமம் பட்டால் அத்தானுக்கு மூச்சு இழுக்கும். அதனால் அக்கா நாலு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்த அந்த ஊருக்குப் போனாள். துரை இங்கே தங்கியது.

முதல் வாரம் அது வாசல் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் அக்காவின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டது. தராசம்மா அந்த அறைப் பக்கம் போவதைத் தவிர்த்தாள். ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாள், ரேடியோவைப் போடுவாள், நின்றுகொண்டே எதையாவது தின்பாள், கிண்ணத்தில் துரைக்குப் போடுவாள், படுத்துவிடுவாள். கோபம் தீர்ந்தால் தானாக வெளியே வரும் என்று இருந்துவிட்டாள். மூன்றாவது வாரம் அது வெளியே வந்தபோது நடை தள்ளாடியது.

பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். முதல் துண்டைத் துரை கிழித்தது. இரண்டாவது துண்டோடு சேர்த்துத் தராசம்மாவின் முழங்கையையும் கிழித்தது. மூன்றாவதாகக் கையில் அகப்பட்டது, கதவுக்குப் பின்னால் அக்கா விட்டுப்போயிருந்த பழைய நீல நைட்டி. அதில் சுற்றியதும் துரை மூக்கை அதற்குள் புதைத்துக்கொண்டு அடங்கிவிட்டது. ஆகா, இதுதான் சூட்சுமம் என்று தெரிந்துபோயிற்று.

காலை ஆறு, எட்டரை, மத்தியானம் ஒன்று, சாயந்திரம் ஏழு, ராத்திரி பத்து. சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்து, நைட்டி மூட்டையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வாள். இடது கையால் தாடை. வலது கையில் சிரிஞ்ச். ஒரு சொட்டு விட்டால் விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும்.

"துரை, கொஞ்சம் வாயைத் திறங்க. ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸர் தரையில உக்காந்து கெஞ்சறேன். பேப்பர்ல போட்டாலும் நம்ப மாட்டாங்க."

துரை பாதியை விழுங்கும். பாதியைப் பல்லிடுக்கு வழியாக நைட்டிமேல் வழியவிடும். சில சமயம் தலையை ஒரு உதறு உதறி, சுவர், அடுப்பு, அவள் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் பங்கு கொடுக்கும். ஈரப் பஞ்சால் அதன் முகவாயைத் துடைத்து, நைட்டியை நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடுவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரில் பறந்து வருவாள். பூனைக்கு ஊட்டி முடிப்பதற்குள் தன் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும்.

நைட்டியை மட்டும் துவைக்கவில்லை. துவைத்தால் அக்கா வாசனை போய்விடும். வாசனை போனால் துரை அடங்காது. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எடை பார்ப்பதில் அவளுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? அதற்கென்று ஒரு புது எலெக்ட்ரானிக் தராசு வாங்கினாள். அலுவலகப் பித்தளைக் கற்களை ஒரு மத்தியானம் கைப்பையில் போட்டு எடுத்துவந்து சோதித்துப் பார்த்தாள். முத்திரை குத்தாததுதான் பாக்கி. வெறும் நைட்டியை முதலில் வைத்தாள்: இருநூற்றுப் பத்து கிராம். தினமும் காலையில் துரையை நைட்டியோடு வைத்து, வந்த எடையில் இருநூற்றுப் பத்தைக் கழித்து, சுவர் காலண்டரில் எழுதினாள். நாலு கிலோ நூறு. நாலு நூற்றிருபது. நாலு நூற்று முப்பது. நாலு நூற்றறுபது.

ஏறியது. தினம் ஏறியது. டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, "பரவாயில்லையே மேடம், தனியாளா ஜெயிச்சுட்டீங்க," என்றாள். அன்றைக்கு முழுவதும் அந்த வார்த்தை அவள் காதில் இனித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணினாள்.

"துரை என்ன பண்றான்?"

"தூங்கறான்."

"போன வாரமும் தூங்கறான்னுதானே சொன்ன? அவன் காதுகிட்ட போனை வை. நான் பேசறேன்."

"தூங்கறவனை எழுப்பிவிட்டு நீ அங்க நிம்மதியா இருப்ப. ஊளையிட்டா யார் கேக்கறது?"

"சரி, நீ சாப்டியா?"

"ம்."

"என்ன சாப்ட?"

தராசம்மா சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். மேடைமேல் பூனைக் கஞ்சியைத் தவிர ஒன்றுமில்லை. "ரொட்டியும் முட்டையும்," என்றாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அக்கா அடுத்த பேருந்தில் ஏறிவிடுவாள். துரைக்கு உடம்பு சரியாகும்வரை என்பாள். அப்புறம் தங்கைக்குச் சரியாகும்வரை என்பாள். அந்த மனிதர் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பார். முதலில் பூனையைப் பிழைக்கவைத்துவிட வேண்டும். பிறகு என்றைக்காவது, "உன் பூனை ஒரு தடவை படுத்தி எடுத்துடுச்சுக்கா," என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கு மறுநாள், எட்டாம் நாள் காலை, தராசு நாலு இருநூற்று முப்பது காட்டியது. தராசம்மா சிரித்த முகத்தோடு மீன் சந்தைக்குள் நுழைந்தாள்.

"தராசம்மா சிரிக்குதுடா! இன்னிக்கு எவன் தலை உருளப் போகுதோ," என்றார் ஒரு நண்டுக்காரர்.

உருண்டது மூலைக் கடை மீன்காரர் தலை. அவர் ஓட்டல்களுக்குக் கூடை கூடையாக நிறுத்துக் கொடுப்பவர். காலிக் கூடையின் எடையைக் கூடை விளிம்பிலேயே பெயின்டால் எழுதிவைத்து, மொத்த எடையில் அதைக் கழித்துக் கணக்குச் சொல்வார். அவள் ஒரு கூடையைக் கவிழ்க்கச் சொல்லி, காலிக் கூடையைத் தட்டில் வைத்தாள். விளிம்பில் ஒரு கிலோ இருநூறு என்று இருந்தது. தராசு ஒன்றரைக் கிலோ காட்டியது.

"முந்நூறு கிராம் எங்கேருந்து வந்துச்சு?"

"அம்மா, சத்தியமா அதே கூடைம்மா! விடிகாலைல நானே எடை போட்டு எழுதினேன். நீங்க போன வருஷம் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் செய்யறேன்."

"விடிகாலைல காஞ்ச கூடை. இப்ப மணி பத்து. காலைலேருந்து மீன் தண்ணியைக் குடிச்சுட்டு உக்காந்திருக்கு. ஒரு தடவை எடை பாத்துட்டா ஆச்சா? அது குடிச்சதை எவன் கழிப்பான்?"

இருபத்தாறு வருடத்தில் நூறு தடவை சொன்ன வசனம். நாக்கு தானாகச் சொல்லி முடித்தது. முடித்த பிறகுதான் காது அதைக் கேட்டது.

நோட்டீஸ் புத்தகத்தின்மேல் பேனா நின்றுவிட்டது.

"அம்மா? என்னம்மா, உடம்புக்கு முடியலையா? டேய், அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடு!"

அவள் திரும்பி நடந்தாள். அப்புறம் ஓடினாள். "நோட்டீஸு?" என்று மீன்காரர் பின்னாலிருந்து கேட்டதும், "வாயை மூடுய்யா, போறதைக் கூப்பிட்டு வாங்கிக்குவியா," என்று நண்டுக்காரர் அதட்டியதும் அவள் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி முதுகிலிருந்த நைட்டியை எடுத்தாள். எடுக்கும்போதே கைக்குத் தெரிந்தது. காய்ந்த கஞ்சி அட்டை மாதிரி படிந்து, நடுவில் இன்னும் ஈரமாக, துணி விறைத்துப்போயிருந்தது. தராசில் வைத்தாள். நானூற்று எழுபது.

துரையை வெறுமனே தூக்கி வைத்தாள். அது கிழிக்கவில்லை, திமிறவில்லை, வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

மூன்று கிலோ தொள்ளாயிரத்து எழுபது.

எட்டு நாளாக ஏறியது நைட்டி. பூனை வயிற்றுக்குப் போக வேண்டியது நைட்டியின் வயிற்றுக்குப் போயிருந்தது. அவள் அதைத் தினமும் பெருமையாகக் காலண்டரில் எழுதிவைத்திருந்தாள். நைட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த கஞ்சி நாற்றம்தான் குப்பென்று அடித்தது. அக்கா வாசனை எத்தனை நாளைக்கு முன்பே போயிற்றோ.

ஆஸ்பத்திரியில் விவரத்தைக் கேட்டதும் டாக்டரின் உதடு சிரிப்பதற்கு வளைந்தது. தராசம்மாவின் முகத்தைப் பார்த்து நேராகிவிட்டது.

"இன்னிக்கே குழாய் வச்சுடணும் மேடம். லேசா மயக்கம் கொடுக்கணும். கல்லீரல் இருக்கற நிலைமைக்கு, மயக்கம் தெளியாமலும் போகலாம். அதையும் சொல்லிடறேன். இதுல கையெழுத்துப் போடுங்க."

படிவத்தில் உரிமையாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. தராசம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"என்ன மேடம்?"

"இது எங்க அக்கா பூனை."

"அப்ப அவங்களைக் கேட்டுடுங்க. நான் தயார் பண்றேன். ரொம்ப நேரம் எடுத்துக்காதீங்க."

வெளித் தாழ்வாரத்தில் ஒரு நாய் வாய்க்கூடு போட்டுக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பண்ணினாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

"என்னடி, திங்கக்கிழமையில கூப்பிடற? யாருக்கு என்ன?"

"துரைக்கு..." என்றாள்.  அப்புறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள், ஜன்னல், கறுப்புப் பூனை, கஞ்சி, நைட்டி, மீன் கூடை எல்லாம்.

 அந்தப் பக்கம் அத்தான் எங்கோ இருமுவது கேட்டது.

"நேத்து தூங்கறான்னு சொன்னியே."

"ஆமா."

"அதுக்கு முந்தின வாரமும்?"

"ஆமா."

"கையெழுத்தைப் போடு. நான் வரேன்."

"நீ வர வேணாம்க்கா, நான் பாத்து..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

துரைக்கு மயக்கம் தெளிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றரை மணி நேரம் தராசம்மா கூண்டுக்கு முன்னால் நின்றே இருந்தாள். உட்காருங்கள் என்று இரண்டு முறை சொன்னார்கள். கடைசியில் ஒரு காது மட்டும் அசைந்தது.

துரையை வீட்டுக்குக் கொண்டுவந்த கொஞ்ச நேரத்தில், இருட்டுவதற்கு முன்பே அக்கா வந்து சேர்ந்தாள். பையைக் கீழே வைப்பதற்கு முன் மூக்கைப் பிடித்தாள்.

"என்னடி நாத்தம் இது? வீடா, மீன் கடையா?"

நைட்டி வாளிக்குள் போயிற்று. ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அதற்குப் பிறகுதான் அவள் துரையின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய குழாய். துரை அவளைப் பார்த்தது. மெதுவாக எழுந்து வந்து அவள் உள்ளங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அக்கா அழுதாள். இன்னொரு கையால் ஒரு துண்டு மீனை அதன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

துரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அக்கா வந்தால் சாப்பிட்டுவிடும் என்றுதான் தராசம்மா மனத்துக்குள் நம்பியிருந்தாள். இல்லை. அந்தக் கட்டத்தை வியாதி எப்போதோ தாண்டிவிட்டது. இனிமேல் குழாய்தான்; நாள்தான்; பொறுமைதான்.

மூன்று நாள் இரண்டு பேருமாக ஊட்டினார்கள். ஒருத்தி பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி குழாயில் முதலில் வெந்நீர், பிறகு கஞ்சி, மறுபடி வெந்நீர் என்று மெதுவாக அழுத்துவாள். துரை எதிலும் சம்பந்தப்படாத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"பூனை பட்டினின்னு ஓடி வந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்தா அதுக்குள்ள லைட்டு மட்டும்தான் இருக்கு. உன்னையும் தூக்கித் தராசுல வைக்கவா?"

"வையேன். நைட்டியைக் கழிச்சுக்கோ."

"சிரிக்காத. ஏன்டி சொல்லல?"

"சொன்னா மூட்டை கட்டிட்டு வந்துடுவ."

"வருவேன். வந்துட்டுத் திரும்பிப் போவேன். பஸ் ரெண்டு பக்கமும்தான்டி ஓடுது."

நாலாவது நாள் காலையில் அக்கா பை கட்டினாள். அதன் பக்கத்தில், மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்றையும் எடுத்துவைத்தாள்.

"அவர் மாத்திரை போட்டுக்கறேன்னு சொல்லிட்டார். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், பஸ்ல கொண்டு போகலாமாம். துரையை நான் எடுத்துட்டுப் போறேன். உனக்கும் ஆபீஸ், அலைச்சல். பகல்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீ எங்கேருந்து ஓடி வருவ?"

கோபத்தில் சொல்லவில்லை. உதவியாகத்தான் சொன்னாள். அதில் நியாயமும் இருந்தது. 'சரி, எடுத்துட்டுப் போ' என்பது தராசம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவள் சொல்லிப் பழகிய பதில் அது.

"வேணாம்," என்றாள்.

"என்ன வேணாம்?"

"எனக்கு வேணும்."

அக்கா பையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "அவன் உன் மடியில கூட உக்கார மாட்டான்டி."

"உக்கார வேணாம். வீட்டுல இருந்தா போதும்." அவள் அக்காவைப் பார்க்காமல் கூடையின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "உன்னைப் போகச் சொன்னது பொய்யில்லக்கா. நீ அங்க நல்லா இருக்க, எனக்குத் தெரியுது. ஆனா சாயந்திரம் ஏழு மணிக்கு வந்து இந்தக் கதவைத் திறந்தா..."

  அக்கா கூடையை எடுத்துப் பரணில் திரும்ப வைத்தாள்.

பேருந்தில் ஏறி ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தங்கையின் கன்னத்தைத் தட்டினாள். "இனிமே போன்ல பொய் சொன்னேன்னு வை, நேரா வந்து இறங்கி அறைவேன்."

வண்டி போயிற்று. தராசம்மா திரும்பி வந்து கதவைத் திறந்தாள். வீடு எப்படி இருக்கும் என்று பயந்தாளோ அப்படியேதான் இருந்தது. கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளர்கள். காற்றில் ஆடுகிற ஜன்னல் கொக்கி. துரை கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. அவள்தான் படுத்து, தவழ்ந்து, அதைத் தேடி உள்ளே போனாள்.

அலுவலகத்தில் பாதி நாள் விடுப்பாக இரண்டு வாரம் எழுதிக் கொடுத்தாள். அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பூனைக்கா?"

"பூனைக்குத்தான் சார்." உறவுக்காரர், கல்யாணம் என்று எதையும் ஜோடிக்கவில்லை.

தனியாகக் குழாயில் ஊட்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சிரிஞ்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் குழாயின் மூடியைத் திறந்து, மறு கையால் பூனையை அணைத்துக்கொள்வது. வாயில் சிரிஞ்ச் இருப்பதால் பேச முடியாது. மூன்று நாள் இரண்டு பேர் பேசிச் சிரித்த சமையலறையில் இப்போது கஞ்சி இறங்குகிற சத்தம்கூடக் கேட்டது. சில வேளைகளில் ஊட்டி முடித்த பிறகும் சிரிஞ்சை எடுக்க மறந்து உட்கார்ந்திருப்பாள். எடுத்துத்தான் யாரிடம் என்ன பேசுவது?

காதின் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. துரை தன் முன்காலை ஒரு நாள் நக்கிக்கொண்டது. இன்னொரு நாள் ஜன்னலுக்கு நடந்து போய், மதில்மேல் இருந்த கறுப்புப் பூனையைப் பார்த்து உறுமியது. சாப்பாட்டை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். டாக்டரும் கையை விரிக்கவில்லை, நம்பிக்கையும் கொடுக்கவில்லை. "அதுக்கே தோணணும் மேடம்," என்றாள்.

அக்கா போன பதிமூன்றாம் நாள் மத்தியானம். ஊட்டுகிற நேரத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. தராசம்மா ஒரு முட்டையை வேகவைத்து, ரொட்டியோடு தட்டில் எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா திட்டிவிட்டுப் போனதிலிருந்து மத்தியானத்தில் எதையாவது சாப்பிடுவது என்று வைத்திருந்தாள்.

துரை வந்தது. அவளைப் பார்த்து வரவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகிற வழியில் நின்றது. தட்டை முகர்ந்தது. அவள் ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள், மெல்லுவதை நிறுத்தினாள். துரை உடைந்த மஞ்சள் கருவின் ஓரத்தை ஒரு தடவை நக்கியது. யோசித்தது. மறுபடி நக்கியது. பிறகு தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பல்லால் ஒரு துண்டைக் கடித்து எடுத்தது.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டும், டாக்டரிடம் சொல்ல வேண்டும், கீழ்வீட்டுக் கதவைத் தட்டியாவது யாரிடமாவது சொல்ல வேண்டும். போன் உள்ளறையில், கைப்பைக்குள் இருந்தது. எழுந்தால் துரை ஓடிவிடும்.

எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்த ரொட்டியை விழுங்கக்கூட இல்லை. மடக்கிய கால் மரத்துப்போய் எறும்பு ஊர்ந்தது.

உள்ளறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அக்காவாக இருக்கலாம், அலுவலகமாக இருக்கலாம். துரை தலையைத் தூக்கி, அந்தப் பக்கம் காதைத் திருப்பியது. தராசம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'வேணாம், நீ சாப்பிடு. நான் எங்கேயும் போகல.' சொல்லவில்லை, நினைத்தாள்.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வீடு மறுபடி அமைதியானது. துரை குனிந்தது. தட்டில் இன்னும் பாதி முட்டை இருந்தது. அவள் தட்டை ஒரு விரலால், ஓசைப்படாமல், அதன் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.